ஒரு உறைகட்டி, மூன்று இரத்த மாதிரிகள்

உடலின் எதிர்ப்பாற்றலே உடலைத் தாக்கும் லூபஸ் நோயுடன் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிட்டதால், இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியபோது அதையும் மூட்டுவலிக் கணக்கில் சேர்த்துவிட்டேன். காலுறையைக் கழற்றியபின் இடது காலில் மட்டும் அதன் தடம் ஆழமாகப் பதிந்து, நெடுநேரம் மறையாமல் கிடந்தது. ஒற்றைக் கால் வீங்கினால் இரத்தக்குழாயில் அடைப்பு உண்டா என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். நான் நான்கு நாள் பொறுத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் போன மருத்துவமனையில், பரிசோதனைத் தாளில் ஏபிடிடி (இரத்தம் உறைய ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை) நேரம் கூடியிருப்பதைச் சுட்டிக்காட்டி, "உங்களுக்கு இரத்தம் உறையவே தாமதமாகிறது, அடைப்பு வர வாய்ப்பில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உண்மை நேர்மாறானது. லூபஸ் ஆன்டிகோகுலன்ட் என்னும் எதிர்ப்பொருள் சோதனைக் குழாய்க்குள்தான் உறைதலைத் தாமதப்படுத்தும். உடம்புக்குள்ளோ உறைகட்டி உண்டாகவே வழி செய்யும். இதற்குப் போய் ஆன்டிகோகுலன்ட், அதாவது உறைதல் தடுப்பி, என்று பெயர் வைத்தவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

மறுநாள் வேறோரிடத்தில் எடுத்த ஸ்கேனில் ஆழ்சிரையில் உறைகட்டி தெரிந்தது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியும் அதைத் தொடர்ந்து அதே வேலை செய்யும் வார்ஃபரின் மாத்திரையும் சிக்கலின்றி நடந்தேறின.

அலைச்சல் அதன்பிறகுதான். ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் (இத்தகைய எதிர்ப்பொருள்களால் உறைகட்டி உண்டாகும் நோய்) என்று உறுதிசெய்ய, குறைந்தது 12 வார இடைவெளியில் இருமுறை பாசிட்டிவ் வர வேண்டும், ஏனெனில் தொற்று நோய்களின்போதும் இந்த எதிர்ப்பொருள்கள் தற்காலிகமாகத் தலைகாட்டி மறைவதுண்டு. என் முதல் மாதிரியை ஹெப்பாரின் போய்க்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டு, படிவத்தில் அதைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டார்கள். உறைதல் தடுப்பு மருந்துகள் லூபஸ் ஆன்டிகோகுலன்ட் சோதனையின் முடிவைக் குழப்பிவிடும் என்பதால், மருத்துவர் அந்தப் பகுதியை அடித்துவிட்டு, மருந்தால் மாறாத கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பொருள்களின் முடிவை மட்டும் ஏற்றுக்கொண்டார். இரண்டாவது மாதிரிக்கு, முகப்பில் இருந்தவர் சீட்டில் எழுதிக்கொடுத்த தேதியை நம்பிப் போனேன். இரத்தம் எடுத்து, பணமும் கட்டியபின்தான் அது பத்தாவது வாரம் என்று தெரிந்தது. தேதியை நீங்களே நாட்காட்டியில் எண்ணிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் முறை, எடுத்துக்கொள்ளும் மருந்தின் பெயரையும் கடைசி வேளை மாத்திரை போட்ட நேரத்தையும் துண்டுத்தாளில் எழுதி, படிவத்தோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தேன். பரிசோதகர் அதைப் படித்துவிட்டு ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டது எனக்குக் கிடைத்த சிறிய வெற்றி. இரு எதிர்ப்பொருள்களும் மறுபடி பாசிட்டிவ்.

வார்ஃபரின் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2 முதல் 3-க்குள் நிற்க வேண்டும். கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும் என்றாலும் கீரையைக் கைவிடவில்லை, அளவை மட்டும் வாரந்தோறும் ஒரே சீராக வைத்திருக்கிறேன். வலி மாத்திரை எதையும் கேட்காமல் போடுவதில்லை, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த வாரம் 2.4 வந்திருக்கிறது. இடது காலுறையின் தடம் மாலையில் இன்னமும் சற்று ஆழமாகத்தான் விழுகிறது.