கீசர் மக்கர் பண்ணினால், கவரைக் கழற்றுவதற்கு முன்

வடசென்னையில் திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் பக்கம் கீசருக்கு இரண்டு எதிரிகள். உள்ளே போகும் போர் தண்ணியின் உப்பு ஒன்று, வெளியே அடிக்கும் கடல் காற்று இன்னொன்று. முதலாவது, தண்ணியைச் சுட வைக்கும் காயிலைத் தின்னும். இரண்டாவது சாக்கெட்டையும் திருகு முனைகளையும் தின்னும். மெக்கானிக் வருவதற்குள் இதில் எது என்று வெளியிலிருந்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை.

பல மாதம் சும்மா கிடந்த கீசரை மார்கழிக் குளிரில் போடுபவர்கள் முதலில் சூடு தண்ணிக் குழாயைத் திறந்து, காற்று இல்லாமல் சீராகத் தண்ணி வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பிறகுதான் சுவிட்ச். மேல்தொட்டி காலியான நாளில் வெற்று டேங்கில் கரன்ட் போனால் சில நிமிடங்களில் காயில் கருகிவிடும்.

தண்ணி சுடவில்லையா? 15 லிட்டர், 2000 வாட் கீசர் 28 டிகிரித் தண்ணியை 60-க்குக் கொண்டுபோக 17, 18 நிமிடம் எடுக்கும். வோல்டேஜ் 190-க்கு இறங்கினால் அதே வேலைக்கு 25 நிமிடம், அது கோளாறு இல்லை. அரை மணி கழித்தும் பச்சைத் தண்ணியாகவே இருந்தால் வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீசரை மட்டும் போட்டு மின் மீட்டரைப் பாருங்கள். முகப்பில் 3200 என்று அச்சிட்ட மீட்டரில் சிவப்பு விளக்கு நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை சிமிட்ட வேண்டும். சிமிட்டினால் காயில் வேலை செய்கிறது, சூடு வேறெங்கோ போகிறது. மிக்சர் குழாயில் பச்சைத் தண்ணி கலக்கிறதா என்று பாருங்கள். சிமிட்டாவிட்டால் காயில், தெர்மோஸ்டாட் (சூட்டைக் கட்டுப்படுத்துவது), கட்டவுட் (சூடு மிஞ்சினால் கரன்ட்டைத் துண்டிப்பது) மூன்றில் ஒன்று, அல்லது பிளக் பாயின்ட்டே போயிருக்கும். எம்சிபியை (கரன்ட் அதிகமானால் தானே விழும் சுவிட்ச்) இறக்கிவிட்டு பிளக்கைப் பிடுங்கி முனைகளைப் பாருங்கள். கருத்திருந்தாலோ பச்சை பூத்திருந்தாலோ கடல் காற்றின் வேலை. கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும் பொருளுக்கு லூசான சாக்கெட் என்றால் தீ பிடிக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள்.

போட்டவுடன் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச்) விழுகிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஏற்றுங்கள். விழாமல் நின்றால் கோளாறு கீசருக்குள். பெரும்பாலும் உப்பு அரித்துக் காயிலின் மேல்குழாயில் ஓட்டை விழுந்து தண்ணி உள்ளே இறங்கியிருக்கும். பிளக் இல்லாமலும் விழுந்தால் வயரிங். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

குழாயைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது என்றால் சோதனை எதுவும் கிடையாது. ஈரக் கையோடு சுவிட்சுக்குப் போகாதீர்கள். கை துடைத்து, செருப்புப் போட்டுக்கொண்டு, மெயினை அணையுங்கள். வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், எர்த் வயர்தான் இருக்காது. காயிலை மட்டும் மாற்றினால் போதாது, எர்த்தையும் எலக்ட்ரீசியன் சோதிக்க வேண்டும்.

குழாயில் ஆவியோடு கொதித்து வந்தால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அணைத்துவிட்டு ஆறும்வரை திறக்காதீர்கள்.

அதிகம் பேர் பயப்படுவது சொட்டுக்குத்தான். பயப்பட வேண்டிய சொட்டு வேறு. 15 லிட்டர் தண்ணி சுடும்போது கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவாக விரியும். அது பாதுகாப்பு வால்வு வழியாக வெளியேறுவது இயல்பு. எம்சீல் வைத்து அதை அடைக்கும் வீடுகள் உண்டு. அது குளியலறையில் குண்டு கட்டித் தொங்கவிடுவதற்குச் சமம். அணைத்த பிறகும் ஓயாமல் ஒழுகினால் வால்வு போயிருக்கும் அல்லது குழாய் அழுத்தம் அதிகம். கீசரின் அடிக் கவரிலிருந்து துருவோடு சொட்டினால் டேங்க் அரித்துவிட்டது, அல்லது கேஸ்கெட் (இடுக்கை அடைக்கும் ரப்பர் வளையம்) போய்விட்டது. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே வரும் குழாயின் ஆங்கிள் காக் வால்வை மூடுங்கள்.

சூடேறும்போது கடகடவென்று சத்தம் வந்தால் காயிலில் உப்புப் படிந்திருக்கிறது. போர் தண்ணி வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, டேங்க் அரிக்காமல் காக்கத் தானே கரையும் மெக்னீசியம் கம்பி தீர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேஸ் கீசர் என்றால் கதவடைத்த குளியலறைக்குள் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலை சுற்றினால் உடனே வெளியே வாருங்கள்.

மெக்கானிக்கை அழைக்கும்போது லிட்டர், வாட், கீசர் விளக்கு எரிகிறதா, எம்சிபியா ஆர்சிசிபியா எது விழுந்தது என்று சொல்லிவிடுங்கள். கழற்றினால் பழைய கேஸ்கெட்டையே திருப்பி மாட்டவிடாதீர்கள். புதியதைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.