தேயிலைக்கு அடியில் ஒரு பாதை: வால்பாறையில் சிறுத்தை நடமாடும் இடங்களில் கவனிக்க வேண்டியவை

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் மலைப்பாதை, 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவு லோம்ஸ் காட்சிமுனை. வரையாடுகள் கைப்பிடிச் சுவர் ஓரமே மேய்ந்துகொண்டிருக்கும், கீழே அணை விரிந்து கிடக்கும். பகலில் அங்கே இறங்கி நிற்பதில் பயமே இல்லை. அதே பாதையில் பொழுது சாய்ந்த பிறகு, "ஒரு நிமிஷம், அவசரம்" என்று வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புதர் ஓரமாகப் போய்க் குந்துகிறார்களே, அதுதான் ஆபத்து. பின்னால் இன்னொருவர் டார்ச்சோடு நின்றால் அதே இடத்தில் ஆபத்து பெரிதும் குறைந்துவிடும். தனியாகக் குந்தக் கூடாது. மலைக்குப் போகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது.

காரணம் சிறுத்தையின் கண்ணில் இருக்கிறது. முப்பது கிலோவிலிருந்து எழுபது கிலோ வரை எடையுள்ள விலங்கு அது. வால்பாறைப் பகுதியில் அதன் எச்சத்தை எடுத்து ஆராய்ந்தபோது கிடைத்தவை பெரும்பாலும் காட்டு விலங்குகளின் மிச்சங்களே. கேளையாடு, கடமான் கன்று, முள்ளம்பன்றி, இடையிடையே ஊர் நாய். எல்லாம் முதுகு படுக்கையாக, தலை நம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவே இருக்கும் உயிர்கள். நிமிர்ந்து நடக்கும் மனிதர் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. குனிந்து விறகு பொறுக்குகிறவர், குந்தியிருப்பவர், மூன்றடி உயரக் குழந்தை ஆகியோர்தான் அதில் சேர்ந்துவிடுகிறார்கள். மலையில் நடந்த தாக்குதல்களைக் கவனித்தால் இந்த உயரக் கணக்கு திரும்பத் திரும்பக் கண்ணில் படும்.

ஊரின் அமைப்பும் அப்படி. ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலையும் காப்பியும், சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், நடுநடுவே துண்டு துண்டாகச் சோலைகள். ஒரு சோலையிலிருந்து அடுத்ததற்குப் போக சிறுத்தைக்கு வழி தேயிலைக் காடுதான். சாலையிலிருந்து பார்த்தால் பச்சைக் கம்பளம் போல் ஒரே மட்டமாகத் தெரியும். குனிந்து செடிக்கு அடியில் பாருங்கள். மேலே இலை அடர்ந்து கூரை போட்டிருக்க, அடியில் தண்டுகளுக்கு நடுவே வெறும் இருட்டு, காய்ந்த சருகு, தாராளமான இடைவெளி. செடி இடுப்பளவு, சிறுத்தையின் தோள் ஏறத்தாழ இரண்டடி. ஒரு மலைச்சரிவு முழுவதையும் ஓர் இலை அசையாமல் அது கடந்துவிடும். "அங்கே ஒன்றும் தெரியவில்லையே" என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இது தெரியும். காலையில் காட்டுக்குள் இறங்குமுன் சத்தம் கொடுப்பார்கள், கூடையைத் தட்டுவார்கள், வரிசையாகவே இறங்குவார்கள். சோலையை ஒட்டிய ஓர வரிசைக்கு ஒருவரைத் தனியாக விட மாட்டார்கள். சத்தம் விலங்கை விரட்டுவதற்கு அல்ல, மனிதர் வருகிறார்கள் என்று முன்கூட்டியே அதற்குச் சொல்லி, ஒதுங்க நேரம் கொடுப்பதற்கு. பத்தடியில் திடீரென்று எதிர்ப்பட்ட சிறுத்தைதான் பதறிப் பாயும். கவாத்து வெட்டும்போது சில சமயம் செடிக்கடியில் கண் திறக்காத குட்டிகள் கிடக்கும். தொடவே கூடாது. ஆட்களை அந்தப் பகுதியிலிருந்து வெளியேற்றி, வனத்துறைக்குச் சொல்லிவிட்டு விலகிவிட வேண்டும். தாய் பெரும்பாலும் இரவில் வந்து கவ்விக்கொண்டு போய்விடும். படம் எடுக்கச் சுற்றி நின்றால் அது வரும் வழியை நாமே அடைக்கிறோம்.

சுற்றுலா வருகிறவர் தங்குவது இப்போது பெரும்பாலும் எஸ்டேட் நடுவே உள்ள பங்களாக்களிலும் ஹோம் ஸ்டேக்களிலும்தான். அதனால் தொழிலாளர்கள் வாழும் லைன் வீடுகளில் நடப்பதை அவர்களும் அறிந்திருக்க வேண்டும். 2025 ஜூனில் வால்பாறை எஸ்டேட் ஒன்றில், ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்தின் சிறுமியை வீட்டருகிலிருந்து மாலை நேரத்தில் சிறுத்தை கவ்விச் சென்றது. 2024 ஜனவரியில் நீலகிரி பந்தலூர் பக்கம் மூன்று வயதுக் குழந்தை. இரண்டையும் படித்தபோது மனது தாங்கவில்லை, ஏனென்றால் இவற்றுக்கான சூழ்நிலை புதிதல்ல. வாசலிலிருந்து சில அடியிலேயே தேயிலைச் செடி தொடங்கிவிடும். தெருவிளக்கு எரியாது, அல்லது ஒரே ஒரு மங்கிய பல்பு. கோழிக் குடலும் மீன் கழிவும் வீட்டுக்குப் பின்னால் கொட்டிக் கிடக்கும், அதைத் தேடி நாய், நாயைத் தேடி சிறுத்தை. பெரியவர்கள் வேலை முடிந்து வந்து அடுப்பு பற்றவைக்கும் நேரமும், சிறுத்தை சோலையை விட்டு இறங்கும் நேரமும் ஒன்றே. அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் புதிதாக வந்தவர்களுக்கு இதை அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுப்பது எஸ்டேட் நிர்வாகங்களின் கடமை. அதைச் செய்யாமல் கூண்டு வைத்து மட்டும் பிரச்சினை தீராது. ஒரு சிறுத்தையைப் பிடித்துக் கொண்டுபோனால் காலியான அந்த இடத்துக்கு இன்னொன்று வரும்.

குழந்தையோடு தங்குகிறவர்கள் மாலை ஐந்தரைக்கே அவர்களை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். நடக்க வேண்டியிருந்தால் குழந்தை நடுவில், பெரியவர் முன்னும் பின்னும், கை பிடித்தபடி. ஓடவிட்டுப் பின்னால் நடப்பது கூடாது. நாயைக் கூட்டிக்கொண்டு வாக்கிங் போவதும் கூடாது. சிறுத்தையைக் கண்டதும் நாய் பாதுகாப்புத் தேடி நம் காலடிக்குத்தான் ஓடி வரும், துரத்துகிற சிறுத்தையும் கூடவே வரும்.

டார்ச் பிடிப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. விலங்கின் கண் வெளிச்சத்தை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். இடுப்பில் பிடித்த டார்ச்சின் பளபளப்பு நம் கண்ணுக்கு வராமல் இடுப்புக்கே போகும். காதோரம், கண் மட்டத்தில் பிடித்து, ஓர் அடி முன்னால் தரையையும் நாற்பது ஐம்பது அடி தள்ளி இரண்டு ஓரங்களையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒரு ஜோடிக் கண் நேராக, தரைக்கு அருகில், அசையாமல் நின்றால் நின்றுவிட வேண்டும். ஆனால் வால்பாறையில் மழைக்காலம் முழுக்கப் பனிமூட்டம். மூட்டத்தில் கண் மட்டத்து வெளிச்சம் வெள்ளைச் சுவராகி எதையும் காட்டாது. அப்போது டார்ச்சை இறக்கி முழங்கால் உயரத்தில் பிடிக்க வேண்டியிருக்கும், தூரம் தெரியாது. மூட்டம் இறங்கிய இரவில் நடக்காமல் இருப்பதே சரி. காதில் இயர்போன் எப்போதுமே வேண்டாம். கருமந்தி மரத்து மேலிருந்து விடாமல் கத்துவதும், கடமான் ஒரே சுருதியில் கனைப்பதும், கேளையாடு நாய் போலக் குரைப்பதும் நமக்கு இலவசமாகக் கிடைக்கும் தகவல். குரல் ஒன்றோடு நின்றால் பொருட்படுத்த வேண்டாம். ஒரே பக்கத்திலிருந்து தொடர்ந்து வந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கையில் ஒரு கம்பு. ஐந்து, ஐந்தரை அடி நீளம், பிடித்தால் கைக்குள் அடங்கும் தடிமன், காய்ந்து உளுத்தது கூடாது. அடிப்பதற்கு என்பதைவிட, நமக்கும் அதற்கும் நடுவே குறுக்காக ஒரு பொருள் இருக்க வேண்டும் என்பதற்கு. மழை ஊரில் எல்லோர் கையிலும் குடை இருக்கும். அதை முன்னால் நீட்டிப் பட்டென்று விரித்தால் நம் உருவம் ஒரு நொடியில் இரண்டு மடங்காகும்.

எதிரே நின்றேவிட்டது என்றால்? ஓடாதீர்கள். ஓட்டத்தில் நாம் ஜெயிக்க மாட்டோம் என்பது ஒரு காரணம். முதுகு காட்டி ஓடுவது பூனை இனம் முழுவதற்குமே துரத்தச் சொல்லும் சைகை என்பது அதைவிடப் பெரிய காரணம். குனிந்து கல் எடுப்பதும் அப்போது தவறு, உயரம் போய்விடும். வேண்டுமானால் கல்லை முன்பே கையில் வைத்திருக்க வேண்டும். குழந்தையைக் குனியாமல், முழங்கால் மடக்கி, முகம் விலங்கின் பக்கமே இருக்கத் தூக்குங்கள். கைகளை உயர்த்தி, தடித்த குரலில் பேசிக்கொண்டே, ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குங்கள். கிறீச்சென்ற அலறல் வேண்டாம். சிறுத்தைக்கு ஓடிப்போக ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளோ கிணற்றடியிலோ சிக்கிய சிறுத்தையைக் கூட்டம் கூடிச் சூழ்ந்துகொண்டு, கடைசியில் காயம்பட்டவர்களை எண்ணுகிறோம். அது வேட்டைக்காகப் பாயவில்லை, வழி இல்லாமல் பாய்ந்தது. மரத்தில் ஏறும் யோசனையை விட்டுவிடுங்கள். நம்மைவிட நன்றாக அது ஏறும், ஏறும்போது நாம் காட்டுவது முதுகை.

புலி வேறு கணக்கு. எடை மூன்று நான்கு மடங்கு. இரை மேல் இருக்கும் புலியோ குட்டியோடு இருக்கும் தாயோ காதை மடக்கி, உறுமி, பாதி தூரம் பாய்ந்து வந்து நிற்கும். அது எச்சரிக்கை. அங்கேயே அசையாமல் நின்று, பிறகு வந்த வழியே பின்வாங்கினால் பெரும்பாலும் விட்டுவிடும். அழுகல் வாடை, காக்கைக் கூட்டம், ஒரே இடத்தில் ஈ மொய்ப்பது கண்டால் அருகே போய்ப் பார்க்க நினைக்காதீர்கள். மனிதரைத் தேடி வரும் புலி அரிது, ஆனால் வந்தால் பின்னாலிருந்துதான் வரும். 1980களின் பிற்பகுதியில் சுந்தரவனத்தில் தேனெடுக்கவும் விறகுக்கும் போனவர்களுக்குப் பிடரியில் மாட்டிக்கொள்ள மனித முக முகமூடி கொடுத்தது இதனால்தான், முதலில் நல்ல பலனும் கண்டது. கூடலூர், மசினகுடி பகுதியில் நான்கு பேரைக் கொன்றதாகத் தேடப்பட்ட டி23 புலியை 2021 அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டுபோனார்கள். வயது முதிர்ந்த புலி. மூன்று வாரம் அதைத் தேடியபோது மக்களுக்குச் சொன்ன புத்திமதியும் பழையதுதான்: தனியாக மாடு மேய்க்கப் போகாதே, புதருக்குள் நுழையாதே.

பிடித்துவிட்டால், செத்தவர் போல் கிடப்பது பெரும்பூனையிடம் எடுபடாது. அதற்குத் தேவை கழுத்தும் பிடரியும். தாடையை நெஞ்சோடு சேர்த்து, தோளை உயர்த்தி, ஒரு முன்கையைத் தொண்டைக்குக் குறுக்கே கொடுங்கள். கை போனாலும் உயிர் தங்கும். மற்றக் கையால் கண், மூக்கு நுனி ஆகிய இரண்டையும் விடாமல் குத்துங்கள், கம்பு, குடைக் காம்பு, சாவி, எதுவானாலும். விழாமல் இருக்கப் பாருங்கள், விழுந்தால் எழப் பாருங்கள். கூட இருப்பவர் வாலைப் பிடித்து இழுக்க வேண்டாம், கம்பால் முகத்தைத் தாக்கிக் கத்த வேண்டும். பல பேர் இப்படித்தான் தப்பியிருக்கிறார்கள். சிறுத்தை நீண்ட சண்டையை விரும்பாது, காயம்பட்டால் வேட்டையாட முடியாமல் அதற்குப் பட்டினிதான். கரடி என்றால் இது முற்றிலும் மாறும்: முகத்தைத் தரையில் புதைத்துக் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூட வேண்டும்.

காயத்தை வெளியிலிருந்து பார்த்து எடை போடாதீர்கள். கோரைப்பல் போட்ட துளை வெளியே சிறிதாக இருக்கும், உள்ளே தசை வரை போயிருக்கும். விலங்கின் வாயிலிருந்து வரும் பாஸ்டுரெல்லா கிருமி ஒரே நாளில் வீங்கவைத்துவிடும். ரத்தம் பீறிட்டால் முதலில் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டவே கூடாது. பீறிடாத காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். 108 அழைத்துவிட்டு, மலை இறங்குமுன் வால்பாறை அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். பொள்ளாச்சிக்கு இறங்க நேரமாகும். டெட்டனஸ் ஊசியோடு, வெறிநோய்க்கான இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் போட வேண்டும், தடுப்பூசியும் அன்றே தொடங்க வேண்டும். தோலுக்குள் போடுவதானால் 0, 3, 7, 28 ஆம் நாட்கள், தசையில் போடுவதானால் 14 ஆம் நாளும் சேரும். ஆழமான கடிக்கு உடனே தையல் போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், உள்ளே சீழ் கட்டும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11(2) பிரிவு, தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு விலங்கைக் காயப்படுத்தினாலும் கொன்றாலும் குற்றமில்லை என்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அதே சட்டத்தை மீறிக்கொண்டிருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அனுமதியில்லாமல் காப்பகத்துக்குள் நடைப்பயணம் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை. அப்படிக் கூப்பிட்டால் போகாதீர்கள்.

தாக்குதல் நடந்த இடத்தில் அடுத்த பத்து நிமிடம் முக்கியம். ஓடி வரும் கூட்டம் முதலில் அழிப்பது காலடித் தடத்தை. சாக்கடையோரச் சேற்றில் பதிந்த ஒரு தடத்தைக் குனிந்து பாருங்கள்: நான்கு விரல், பின்னால் ஓரத்தில் மூன்று மடிப்புள்ள உள்ளங்கால், நகக்குறி இல்லை. நகத்தைப் பூனை உள்ளிழுத்தே நடக்கும். நகம் குத்தியிருந்தால் நாய். ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம் சிறுத்தை, பன்னிரண்டுக்கு மேல் போனால் புலி. ஐந்து விரல் வரிசையாக, நீண்ட நகக்குறியோடு இருந்தால் கரடி. வால்பாறையில் ஒரு சிறுவன் இறந்தபோது சிறுத்தை என்றே எல்லோரும் முதலில் நினைத்தார்கள், பிறகுதான் கரடி என்று தெரிந்தது. எது வந்தது என்று தெரியாமல் கூண்டு எங்கே, என்ன இரையோடு வைப்பது என்று முடிவு செய்ய முடியாது. மழை தூறத் தொடங்குமுன் ஒரு பிளாஸ்டிக் பேசினையோ கொழுந்துக் கூடையையோ தடத்தின் மேல் கவிழ்த்து, பறந்துவிடாமல் ஒரு கல் வையுங்கள். வனக்காவலர் வரும்வரை அதன் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும், நிமிர்ந்து, இன்னொருவரோடு.