இரண்டு கணக்கிலும் வராத பெண்கள்

மனிதவளத் துறையில் வேலை பார்க்கும் எல்லோரும் எம்மா டிகிராஃபன்ரீட் என்ற பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் மீது வழக்குப் போட்ட ஐந்து கறுப்பினப் பெண்களில் அவர் ஒருவர். 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுத்தது. மந்தநிலை வந்ததும், கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் நிறுத்தும் பணிமூப்பு விதிப்படி, 1970-க்குப் பின் சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போனது.

1976-ல் வந்த தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். 1964-க்கு முன்பே நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பெண் என்பதால் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். அப்படி எடுக்கப்பட்டவர்கள் வெள்ளைப் பெண்கள். சரி, இனப் பாகுபாடு? அதற்கு, அதே நிறுவனத்தின் மீது நடக்கும் இன்னொரு இனப் பாகுபாட்டு வழக்கோடு சேர்ந்துகொள்ளலாம் என்றது. கறுப்பினப் பெண் என்று இரண்டையும் சேர்த்து நியாயம் கேட்க வழி இல்லை. 1989-ல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா தன் கட்டுரையில் இந்த வழக்கைத்தான் விரித்து எழுதினார்.

மேலாண்மை ஆய்வுகளிலும் இதே ஓட்டை இருக்கிறது. பெண் தலைமை பற்றிய ஆய்வு என்றால் பெரும்பாலும் வெள்ளைப் பெண்கள். இனம் பற்றிய ஆய்வு என்றால் கறுப்பின ஆண்கள். 2010-ல் செஸ்கோ, பியர்நாட் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், குழு உரையாடலில் கறுப்பினப் பெண்கள் சொன்னதை வேறு யாரோ சொன்னதாக மாற்றி நினைத்துக்கொள்வதுதான் அதிகம் நடந்தது. மீட்டிங்கில் அது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்கும் பிஆர்எஸ்ஆர் அறிக்கைக்கு, அதாவது நிறுவனத்தின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றிய வருடாந்திர அறிக்கைக்கு, எண்கள் திரட்டுவது என் வேலை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களில் சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் இருப்பவற்றுக்கு 2022-23 நிதியாண்டிலிருந்து அது கட்டாயம். ஊழியர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கேட்கிறது. மாற்றுத்திறனாளிகளையும் ஆண், பெண் என்று பிரித்துக் கேட்கிறது. அது நல்ல விஷயம். சாதி பற்றி ஊழியர் அட்டவணையில் எதுவும் இல்லை. விளிம்புநிலை மக்கள் என்ற பேச்சு, யாரிடம் சரக்கு வாங்குகிறோம், சிஎஸ்ஆர் என்ற சமூகப் பொறுப்புத் திட்டத்தால் யார் பயனடைந்தார்கள் என்பது போன்ற இடங்களில்தான் வருகிறது. எங்களோடு சம்பளப் பட்டியலில் இருக்கும் தலித் பெண் அதிகாரியாக முடிந்ததா, எத்தனை வருடத்தில் வேலையை விட்டுப் போனார் என்று எந்தக் கட்டமும் கேட்பதில்லை. பெண்கள் சதவீதம் கூடினால் கைதட்டுகிறோம். எந்தப் பெண்கள் என்று யாரும் கேட்பதில்லை.

சாதியை அலுவலகப் படிவத்தில் எழுதச் சொல்வது ஆபத்து என்பது எனக்குத் தெரியும். அந்தத் தகவல் மேலாளர் கைக்குப் போனால் எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் கஷ்டம். அதனால் விருப்பம் உள்ளவர்கள் மட்டும் பெயர் சொல்லாமல், வெளி அமைப்பு ஒன்றிடம் பதில் தரும்படி செய்ய வேண்டும். ஒரு பிரிவில் ஆட்கள் ரொம்பக் குறைவு என்றால் எண்ணை வெளியிடக் கூடாது. அதற்காக அவர்களைக் கணக்கிலிருந்தே தூக்கிவிடவும் கூடாது. 'எண்ணிக்கை போதாது' என்று ஆய்வாளர்களும் இப்படித்தான் அவர்களை விட்டுவிடுகிறார்கள். எண்ணால் முடியாத இடத்தில் உட்கார்ந்து பேசிக் கேட்கலாமே. இதை எழுதி மேலிடத்துக்குக் கொடுத்திருக்கிறேன். அடுத்த அறிக்கைக்கான வேலை தொடங்கும்போது திரும்பவும் கேட்பேன்.