முதல் ட்ரை வைத்தது எங்கட ஆள்

"நீர் எங்கட பள்ளிக்கூடத்தில எட்டாம் வகுப்பு வரைதானே படிச்சனீர். மிச்சத்தையும் எழுதுமன்" என்றார் யாழ்ப்பாணத்துப் பள்ளியின் பழைய மாணவர் சங்கச் செயலாளர். சரி, மிச்சத்தை எழுதுகிறேன். அது ஸ்கொட்லாந்தில், எடின்பரோவின் ரொயல் ஹைஸ்கூலில் கழிந்தது.

1984 ஒக்டோபர். அப்பாவோடு நகரத்தின் ஓரத்தில், பார்ண்டனில் பஸ்ஸால் இறங்கிய எனக்குப் பெரிய ஏமாற்றம். 1128இல் தொடங்கியது என்று சொல்லப்படும் பள்ளி, எழுத்தாளர் வோல்டர் ஸ்கொட் படித்த பள்ளி என்று வழியெல்லாம் கதை சொல்லியே அப்பா கூட்டி வந்திருந்தார். எதிரே நின்றதோ 1968இல் குடிபுகுந்த பெட்டி பெட்டியான கட்டடம். கிரேக்கக் கோயில் போலத் தூண்கள் வைத்த பழைய பள்ளி நகரத்துக்குள், கால்டன் குன்றில் இருக்கிறது. அதை வரைந்த கட்டடக்கலைஞர் தாமஸ் ஹமில்டனும் எங்கள் பள்ளியில் படித்தவர்தான். ஸ்கொட்லாந்துச் சட்டசபைக்கென்று அதை ஆயத்தம் செய்துவைத்தார்கள். அப்படியொரு சபை வேண்டுமா என்று 1979இல் நடந்த வாக்கெடுப்போடு சபையே வராமல் போயிற்று.

பழம்பெருமைகளில் எனக்குப் பிடித்தது 1595இல் நடந்தது. விடுமுறை தரவில்லை என்று பெடியள் பள்ளியைப் பூட்டிக்கொண்டு ஆயுதங்களோடு உள்ளே இருந்துவிட்டார்கள். கதவை உடைக்க வந்த நகர அதிகாரி ஜோன் மக்மொரனை ஒருவன் சுட்டே கொன்றுவிட்டான். ஊரில் நாங்கள் திருவிழாவுக்கு லீவு கேட்டு மனுக் கொடுத்ததோடு நின்றவர்கள்.

விளையாட்டு ஆசிரியர் என்ன ஆடுவாய் என்று கேட்டார். கிரிக்கெட் என்றேன். எங்கள் ஊர் யாழ்ப்பாணத்தில் 1904 தொடக்கம் நடக்கும், வடக்கின் பெரும் போர் என்ற பள்ளிக்கூடக் கிரிக்கெட் மட்சைப் பற்றியும் அளந்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "1871" என்று மட்டும் சொன்னார்.

அந்த வருடம் மார்ச் 27, ரேபர்ன் பிளேஸ் மைதானத்தில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் உலகின் முதலாவது சர்வதேச றக்பி மட்ச் ஆடின. பக்கத்துக்கு இருபது பேர். எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் அமத்துவதுதான் ட்ரை. முதல் ட்ரை வைத்தவர் ஆங்கஸ் புக்கானன், எங்கள் பள்ளியின் பழைய மாணவர். அந்தக் காலத்தில் ட்ரைக்குப் புள்ளி கிடையாது. கோலுக்கு உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்புத்தான். வில்லியம் குரொஸ் உதைத்த பந்து உள்ளே போனது, ஸ்கொட்லாந்து வென்றது. அது ட்ரையே இல்லை என்று இங்கிலாந்துக்காரர் கத்தினார்களாம். நடுவராக நின்ற அல்மண்ட் ஒரு தலைமையாசிரியர். சந்தேகம் வந்தால், அதிகம் சத்தம் போடுகிற பக்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதே நியாயம் என்று பின்னாளில் எழுதிவைத்தார். 1903இல் பிரித்தானிய அணியைத் தென்னாபிரிக்காவுக்குக் கூட்டிப்போன மார்க் மொரிசனும் எங்கட ஆள்தான். ஆனாலும் எனக்குப் புக்கானன்தான்.

நான் தேறியது மூன்றாம் அணிக்கு. முதல் மட்சில் பந்தை முன்னுக்கு நின்றவனுக்கு எறிந்துவிட்டேன். றக்பியில் பின்பக்கம்தான் கொடுக்கலாம். களிசானில் அப்பிய சேற்றை அம்மா குளியல் தொட்டியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்து, "இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்பா.

இரண்டாம் வருடக் குளிர்காலத்தில், ஆறேழு பேருக்குக் கீழே நசுங்கியபடி, கோட்டுக்கு அப்பால் பந்தை அமத்தினேன். பந்து நிலத்தில் பட்டது, சத்தியமாகப் பட்டது. எங்கள் பெடியள் தொண்டை கிழியக் கத்தினார்கள். எதிரணி ஒரு சத்தமும் இல்லை. நடுவர் குனிந்து பார்த்தார், எங்கள் கூச்சலையும் கேட்டார், ட்ரை இல்லை என்று கையை விரித்தார்.