நாயைக் காயவைக்க ஆகும் செலவு

நாய்களைக் குளிப்பாட்டி முடி வெட்டும் கடை போட எவ்வளவு முதல் வேண்டும் என்று என்னிடம் கேட்டு வருகிறவர்கள், கையில் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். கத்தரி, மெஷின், மேசை, ஷாம்பு. கோவையில் ஏதோ ஒரு கடையைப் பார்த்து எழுதியது. குன்னூரில் காசைத் தின்பது அந்தப் பட்டியலில் இருக்காது. ஈரம்தான் அது.

ஜூனில் மூடுபனி ஆரம்பிக்கும். அது விலகுவதற்குள் அக்டோபர் வந்துவிடும். மலையின் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழை எங்களைத்தான் நன்றாக நனைக்கும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்றவற்றுக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள் அடுக்கு நனைந்தே கிடக்கும். அப்படியே அனுப்பினால் அரிப்பு, நாற்றம், சில நாய்களுக்குப் புண். கீழே சமவெளியில் துண்டால் துடைத்து வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் பாதி வேலை முடிந்துவிடும். இங்கே புளோயர், அதாவது முடியைக் காயவைக்கும் காற்று மெஷின், இல்லாமல் ஒன்றும் நடக்காது.

2,400 வாட் புளோயர் அரை மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட். செயின்ட் பெர்னார்டு வந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஓடும். கூடவே கீசர். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட் சலுகை கடை இணைப்புக்குக் கிடையாது. ஒரு நாய்கூட வராத மாதத்திலும் நிலைக் கட்டணம் உண்டு. பழைய கட்டடங்களில் புளோயரையும் கீசரையும் ஒன்றாகப் போட்டால் டிரிப் ஆகிவிடும். முடி வெட்டும் மெஷினுக்குக் கொடுத்ததைவிட வயரிங்கை மாற்றத்தான் நான் அதிகம் கொடுத்தேன். மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால், பாதி நனைந்த நாயோடு நிற்க வேண்டியதுதான். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் புளோயரைத் தாங்காது.

மெஷின் விஷயம் சுலபம். நல்லதாக ஒன்று வாங்குங்கள், ஆனால் பிளேடு மட்டும் இரண்டு செட் வையுங்கள். சாணை பிடிக்கக் கீழே அனுப்பினால் திரும்பி வரும்வரை கடை சும்மா கிடக்கும்.

அப்புறம் இடம். மலைப்பகுதியில் புதிதாகக் கட்ட அனுமதி வாங்குவது லேசில் ஆகிற காரியமில்லை. அதனால் இருக்கிற கடைகளில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். ‘நாய்’ என்று சொன்னதும் கடைச் சொந்தக்காரரின் முகம் மாறும், அட்வான்ஸும் ஏறும். சாக்கடை முடியால் அடைபடாமல் வலை போட்டுக் காட்டினால் கொஞ்சம் இறங்கி வருவார்கள். கோடையில் லாரித் தண்ணீருக்கும் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

உதவிக்கு ஆள் வைத்தால், சம்பளத்தோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் செலவையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். கடி படுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளும் ஊசி அது. வெறிநாய்க்கடி சிகிச்சைக்காகத் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கும் ஊர் இது. இங்கேயே அந்த ஊசி போடாமல் ஒருவரை நாயின் வாயருகே கத்தரியோடு நிற்க வைப்பது நியாயமில்லை.

வரவு எங்கிருந்து என்று கேட்டால், எஸ்டேட் பங்களாக்கள், ஓய்வு பெற்று இங்கே தங்கியவர்கள், பக்கத்தில் வெலிங்டனில் ராணுவக் குடும்பங்கள். வெலிங்டன்காரர்கள் நாள் தவறாமல் வருவார்கள், பேரம் பேச மாட்டார்கள். ஆனால் அங்கே ராணுவ அதிகாரிகளுக்கான ஸ்டாஃப் காலேஜில் படிப்பு முடிந்ததும் நாயோடு சேர்ந்து ஊரைக் காலி செய்துவிடுவார்கள். வருடா வருடம் புது ஆட்களைப் பிடிக்க வேண்டும். சீசனுக்கு வரும் சுற்றுலாக்காரர்களை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

சிறு தொழிலுக்கு அரசுத் திட்டத்தில் கிடைக்கும் முத்ரா கடனில் கிஷோர் பிரிவு 5 லட்சம் வரை போகும். சின்னக் கடைக்கு அதற்குள்ளேயே முடிக்கலாம். ஆனால் மொத்தத்தையும் சாமான்களில் போட்டுவிடாதீர்கள். மழை மாதங்களில் வரவு சுருங்கும், கரண்ட் பில் ஏறும், தவணைத் தேதி மட்டும் மாறாது. ஆறு மாத வாடகையும் சம்பளமும் கையில் இருந்தால்தான் மூச்சு விட முடியும். அதனால் ஜூனில் கடை திறக்கிறேன் என்று யார் சொன்னாலும், ஜனவரிக்குத் தள்ளி வைக்கச் சொல்கிறேன். அதுவரை கோவையில் ஏதாவது ஒரு கடையில் நின்று வேலை பழகலாம், அட்வான்ஸ் பணமும் பேங்கிலேயே இருக்கும்.