சுசின்ஷான்-அட்லஸ் வால்நட்சத்திரம்: பாதை போட்ட குறிப்புகள்

29 செப்டம்பர் 2024, ஞாயிறு

தூத்துக்குடி கடற்கரையில் விடிகாலை ஐந்து மணிக்கு மேல் அடிவானத்தை ஒட்டிப் பிடித்தாயிற்று. வெறுங்கண்ணுக்குச் சிக்கவில்லை. 200 மி.மீ. லென்ஸில் மட்டும் சாய்வாக ஒரு வால். சூரியனுக்கு மிக அருகில் போனது நேற்று முன்தினம்தான், 0.39 வானியல் அலகு தூரத்தில் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம் ஒரு அலகு). புதன் கோள் சுற்றுகிற தூரம் அது. இது சிதறிப்போகும் என்று ஜூலையில் வால்நட்சத்திர ஆய்வாளர் செக்கானினா எழுதியிருந்தார். சிதறாமல் வந்துவிட்டது.

இந்த முறை அழகான படம் தேடிப் போகவில்லை. வானத்தில் அது இருந்த இடத்தை அளந்து, பாதையை நானே போட்டுப் பார்க்க ஆசை.

2 அக்டோபர், புதன்

விடுமுறை நாள், அளக்கிற வேலை. படத்தில் விழுந்த நட்சத்திரங்களை கையா விண்கலம் அளந்த நட்சத்திர இடப் பட்டியலோடு பொருத்திவிட்டால், எந்த பிக்சல் வானத்தில் எந்த இடம் என்று தெரிந்துவிடும். என் கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 4 விகலை. ஒரு டிகிரியில் 3600 விகலை.

நட்சத்திரம் உருண்டையாக விழும், மையம் பிடிப்பது சுலபம். இது அப்படியில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் தலைப்பக்கம் சட்டென்று முடிகிறது, மறுபக்கம் வாலாக வழிந்துகொண்டே போகிறது. அளக்கும் வட்டத்தைப் பெரிதாக வைத்தால் மையம் வால் பக்கம் இழுபடுகிறது. சுருக்கினால் தலைக்குத் திரும்புகிறது. ரொம்பச் சுருக்கினால் கேமராவின் இரைச்சல் புள்ளிக்கெல்லாம் துள்ளுகிறது. மூன்று பிக்சல் ஆரத்தில் நிறுத்தினேன். எல்லாப் படத்துக்கும் அதே ஆரம்தான், மாற்றக் கூடாது.

அடிவானக் காற்று ஒளியை வளைக்குமே என்று தம்பி கேட்டான். வளைக்கும். 5 டிகிரி உயரத்தில் நிலா விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தூக்கிக் காட்டும். ஆனால் பக்கத்து நட்சத்திரங்களையும் சேர்த்தே தூக்குவதால் பெரும்பகுதி கழிந்துபோகும்.

13 அக்டோபர், ஞாயிறு

இடையில் சில நாள் சூரிய வெளிச்சத்துக்குள் மறைந்திருந்தது. இப்போது மாலையில், மேற்கே. நேற்று பூமிக்கு மிக அருகில், சுமார் 7 கோடி கி.மீ. தூரத்தில். மொட்டை மாடியிலிருந்தே நன்றாகத் தெரிகிறது.

அருகில் வந்ததால் ஓட்டமும் அதிகம். நாளைக்கு மூன்று டிகிரி என்று வைத்தாலே 8 நொடிக்கு ஒரு விகலை நகர்கிறது. கேமராக் கடிகாரம் அரை நிமிடம் தள்ளிப் போனால் அத்தனை கவனமாகப் பிடித்த மையத்துக்கு அர்த்தமில்லை. அதனால் படம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் போனில் ஜிபிஎஸ் நேரத்தை ஓடவிட்டு அதையே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன்.

டீக்கடையில் ஒரே கேள்வி. “ஏண்ணே, 80,000 வருஷத்துக்கு ஒருக்கதான் வருமாமே?” பேப்பரில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். கணக்கு முடியட்டும், சொல்கிறேன் என்றேன்.

16 அக்டோபர், புதன்

சென்னைப் பக்கம் கொட்டுகிறது, இங்கே மேகம். சரி, கணக்கில் உட்கார்ந்தேன்.

ஒரு பாதைக்கு ஆறு எண் தேவை. ஒரு படம் இரண்டு எண் தரும், ஆக மூன்று படம் இருந்தால் தீர்வு உண்டு. ஆனால் நீண்டகால வால்நட்சத்திரத்தின் மையத்தொலைத்தகவு (பிளஸ் டூ கணக்கில் வருமே, அதே: 0 என்றால் வட்டம், 1-க்குள் நீள்வட்டம், 1-உம் அதற்கு மேலும் மூடாத பாதை) 1-ஐ ஒட்டியே இருக்கும். அதை 1 என்று வைத்துவிட்டால் பாதை பரவளையம், தேட வேண்டியது ஐந்தே எண். ஹேலி 1705-இல் வெளியிட்ட 24 பாதைகளும் பரவளையம்தான். 1797-இல் ஜெர்மன் வானியலாளர் ஓல்பர்ஸ் இதற்கென்றே சுருக்கமான வழி கொடுத்தார்.

பரவளையமாகவே போட்டேன். பாதைச் சாய்வு 139 டிகிரி, அதாவது கோள்கள் சுற்றும் திசைக்கு எதிராக ஓடுகிறது. அண்மைத் தூரம் (சூரியனை மிக நெருங்கும் தூரம்) வெளியான மதிப்போடு மூன்று தசமம் ஒத்துப்போகிறது. அந்தி வெளிச்சத்தில் எடுத்த படங்களுக்கு இது ரொம்ப அதிகம், மகிழ்ச்சி.

20 அக்டோபர், ஞாயிறு

இன்று மையத்தொலைத்தகவையும் 1 என்று பிடித்து வைக்காமல் கட்டவிழ்த்துவிட்டேன். 0.9986 வந்தது. அதன்படி சுற்றுக்காலம் சுமார் 4,700 ஆண்டு. சந்தேகமான ஒரு படத்தை விலக்கி மறுபடி ஓட்டினால் 1.0009, சூரியனுக்குத் திரும்பவே திரும்பாது! ஒரே ஒரு படம். இத்தனைக்கும் அண்மைத் தூரம் அசையவே இல்லை.

காரணம் எளிது. நீள்வட்டமோ பரவளையமோ, சூரியனுக்கு அருகில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வளைவு. வேறுபாடு தெரிவது எங்கோ தூரத்தில். 0.9998 என்றால் சுமார் 87,000 ஆண்டு, 0.9999 என்றால் 2,45,000. 1 என்றால் காலமே இல்லை. நான்காவது தசமத்தில் ஒன்று மாறினால் ஒன்றரை லட்சம் ஆண்டு போய்விடுகிறது.

27 அக்டோபர், ஞாயிறு

80,000 எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 2023 ஜனவரி 9-இல் சீனாவின் பர்ப்பிள் மவுண்டன் ஆய்வகம் பார்த்தது, பிறகு தொலைந்தது. பிப்ரவரி 22-இல் தென்னாப்பிரிக்காவிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி மீண்டும் பிடித்தது. 2022 டிசம்பரில் கலிபோர்னியாவில் எடுத்த படங்களிலும் இருந்தது பிறகு தெரிந்தது. அப்போது அது சூரியனிலிருந்து 7 வானியல் அலகுக்கும் அப்பால் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சில வாரத் துண்டுப் பாதையிலிருந்து போட்ட ஆரம்பக் கணக்குதான் அந்த 80,000. பிறகு தரவு சேரச் சேர மையத்தொலைத்தகவு 1-ஐக் கடந்து 1.0001 ஆகிவிட்டது. பேப்பரில் மட்டும் 80,000 அப்படியே நின்றுவிட்டது.

அதற்காக 1.0001-ஐ வைத்து “இனி வராது” என்றும் சொல்லிவிட முடியாது. சூரியனும் வியாழன் இழுப்பில் அசைந்துகொண்டிருக்கிறது. கோள்களையெல்லாம் சேர்த்துக் கணக்கை முன்னும் பின்னும் ஓட்டி, வால்நட்சத்திரம் வெகுதூரத்தில் இருக்கும்போது சூரியனும் கோள்களும் சேர்ந்த பொது நிறைமையத்தை வைத்துப் படிக்க வேண்டும். வந்த பாதைக்கு ஒரு விடை, போகும் பாதைக்கு வேறு விடை. 1950-இல் வானியலாளர் ஊர்ட் 19 வால்நட்சத்திரங்களின் வந்த பாதைகளை வைத்துத்தான், வால்நட்சத்திரங்கள் கிளம்பி வரும் தொலைதூர மேகத்தையே ஊகித்தார். இதில் கருவிலிருந்து பீறிடும் வாயுவின் தள்ளல் வேறு. அந்தக் கணக்குக்கு என் படங்கள் காணாது.

டீக்கடைத் தம்பியிடம் “வந்தா லட்சக்கணக்குல ஆகும், வராமலும் போகலாம்” என்றேன். “அப்ப பேப்பர்ல போட்டது?” என்றார்.

யாரிடமாவது அக்டோபர் 14 முதல் 20 வரை எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள். நேரம் நொடி வரை தெரிய வேண்டும், ஊர் பெயரும் வேண்டும். வெட்டி, வண்ணம் ஏற்றி, ஸ்டேட்டஸில் போட்டது வேண்டாம். கேமராவிலிருந்து வந்த கோப்பு அப்படியே வேண்டும்.