இஞ்சி துளசி மிட்டாய்: ஏழு சட்டி வைத்த கதை

ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில் முதல் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். இருமலுக்கு அம்மா காய்ச்சும் இஞ்சி துளசிக் கஷாயத்தை என் மகள் வாயருகே கொண்டுபோனாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதையே மிட்டாயாக்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இப்போது மார்கழி. ஏழாவது சட்டியில்தான் சரியாக வந்திருக்கிறது.

முதல் சட்டியில் அரைக் கிலோ சர்க்கரையும் இஞ்சிச் சாறும் மட்டும். தட்டில் ஊற்றிய பாகு கண்ணாடிபோல மின்னியது. கால் மணி நேரத்தில் ஓரம் வெளுத்து, முழுவதும் மணலாக உதிர்ந்துவிட்டது. கரண்டிதான் காரணம். கொதிக்கும் பாகைக் கிளறிக்கொண்டே இருந்தால் சட்டியின் பக்கத்தில் காய்ந்து ஒட்டிய சர்க்கரைத் துகள் உள்ளே விழும். அந்த ஒரு துகளைப் பற்றிக்கொண்டு பாகு மொத்தமும் மறுபடி சர்க்கரையாகிவிடும். அடியில் கருப்புப் புள்ளிகளும் இருந்தன. இஞ்சிச் சாற்றைத் தெளியவைத்தால் அடியில் வெள்ளையாக மாவு நிற்கும். அதை நீக்காமல் ஊற்றியதால் அடிப்பிடித்திருக்கிறது. அம்மா கஷாயத்துக்குக்கூடத் தெளிந்த சாற்றைத்தான் எடுப்பார். நான் அவசரப்பட்டேன்.

சர்க்கரை படிகமாவதைப் புளிப்பு தடுக்கும் என்பது தெரியும். புளிக்குப் பேர்போன தருமபுரியில் இருந்துகொண்டு புளிக்குப் பஞ்சமா? இரண்டு கரண்டி புளிக்கரைசலைத் தொடக்கத்திலேயே விட்டேன். அமிலம் பட்டுக் கொதிக்கும் சர்க்கரை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைகிறது. கொஞ்சம் உடைந்தால் நல்லது, மணலாகாது. அளவு மீறினால் மிட்டாய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அடைமழை நாள் வேறு. மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக் கிடந்தன. மூன்றாம் சட்டியில் புளியை விட்டுவிட்டு 150 கிராம் திரவ குளுக்கோஸ் சேர்த்தேன். அன்றோடு மணல் தொல்லையும் ஒட்டும் தொல்லையும் தீர்ந்தன.

ஆனால் நிறம் கறுத்துக் கசந்தது. வெப்பமானியில் 150 டிகிரி காட்டும்வரை காய்ச்சியிருந்தேன்; கெட்டி மிட்டாய்க்கு அதுதானே கணக்கு? கடலைமிட்டாய் போடும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டவர், "பாகு முற்றிவிட்டது கண்ணு. தண்ணீரில் விட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்ததும் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியை நுழைத்தேன். 96 காட்டியது! எங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு 450 மீட்டருக்கு மேல் இருப்பதால் தண்ணீர் ஏறத்தாழ 98.5 டிகிரியிலேயே கொதித்துவிடும். மீதிக் குறை கருவியுடையது. தண்ணீர் கொதிக்கும்போது என்ன காட்டுகிறதோ அதோடு 50 கூட்டினால் போதும். எனக்கு 146. அந்த இடத்தில் ஒரு சொட்டுப் பாகைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டேன். 'டங்' என்று விழுந்தது. அண்ணனின் சோதனையும் என் கணக்கும் ஒன்றாக நின்றதில் அப்படி ஒரு மகிழ்ச்சி.

அடுத்தது துளசி. மிகவும் படுத்தியது இதுதான். மணம் முழுவதும் இறங்கட்டும் என்று உணவுக்கான கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பச்சைத் துளசியை ஊறப்போட்டேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்ததும் நுரை, புளித்த வாடை. பச்சை இலையிலேயே நீர் நிறைய இருக்கிறது. அதுவும் சேர்ந்து கிளிசரினை நீர்க்கச் செய்ததால் கெடாமல் காக்கும் வலு போய்விட்டது. ஜாடியோடு கொட்டினேன். அடுத்த முறை நிழலில் காய்ந்த இலை, கிளிசரின் மூன்று பங்கு, கொதித்து ஆறிய நீர் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்துப் பழைய வேட்டித் துணியில் பிழிந்தபோது பச்சை கலந்த பழுப்பு நிறத்தில், தொண்டைவரை ஏறும் மணத்துடன் இறங்கியது.

அதற்குள் கார்த்திகை முடிந்திருந்தது. அந்தச் சாற்றில் மூன்று கரண்டியை ஆறாம் சட்டியில் ஊற்றினேன். பாகு இறுகவே இல்லை. நீரானால் கொதித்து ஆவியாகிவிடும். 290 டிகிரியில் கொதிக்கும் கிளிசரின் பாகை விட்டு எங்கும் போகாது. போதாக்குறைக்கு ஈரத்தைப் பிடித்துவைப்பதே அதன் குணம். கெட்டி மிட்டாய்க்கு ஆகாதது அதுதான். நல்ல சாறுதான், இடம்தான் தவறு. இப்போது அதை வெந்நீரில் சில சொட்டு விட்டு நானே குடிக்கிறேன்.

ஏழாம் சட்டியில் தெளிந்த இஞ்சிச் சாறும் குளுக்கோஸும் முதலிலேயே போயின. இஞ்சியின் காரம் கொதியைத் தாங்கும். துளசி மணம் தாங்காது. அதனால் 146 வந்ததும் இறக்கிவைத்து, 120க்குத் தணிந்தபின், வேட்டித் துணியில் சலித்த துளசிப் பொடி ஒரு தேக்கரண்டியும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) அரைத் தேக்கரண்டியும் தூவி, நான்கே சுற்றுக் கலக்கினேன். கடைசியில் சேர்த்த புளிப்புக்குச் சர்க்கரையை உடைக்க நேரம் இல்லை. நெய் தடவிய தட்டில் ஊற்றி, சூட்டோடு கீறி, ஆறியதும் ஒவ்வொன்றையும் தாளில் சுற்றிவிட்டேன்.

இன்றோடு எட்டு நாள். டப்பாவை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வருகிறது. மகள் தினமும் இரண்டு கேட்கிறாள். புளியை மட்டும் விட மனமில்லை. தை பிறந்ததும் அதற்கென்று மெத்தென்ற மிட்டாய் ஒன்றுக்குத் தனியாகச் சட்டி வைக்கப்போகிறேன்.